பாரிஸில் 90 நாள்: ரெசிடென்சிக்குக் கிளம்பும் ஓவியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரெசிடென்சி என்பது கலைஞர்கள் வெளியூரில் கொஞ்ச காலம் தங்கி வேலை செய்ய இடம் தரும் ஏற்பாடு. மூன்று மாத ரெசிடென்சி என்றால் 90 நாளும் வேலை செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். ஊருக்குத் திரும்பியபின் நோட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். உருப்படியாகத் தகட்டின் முன்னால் உட்கார்ந்த நாள்கள் 47. மீதி 43 நாள் எங்கே போச்சு? சிம் கார்டுக்கு, பருப்பு தேடி அலைந்ததற்கு, ஒரு வாரம் இழுத்த ஜலதோஷத்துக்கு, எதிர்த்திசை மெட்ரோவில் ஏறியதற்கு, சும்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுததற்கு, கடைசியில் மூட்டை கட்டியதற்கு. அந்த 43-ல் ஒரு இருபது நாளையாவது உங்களுக்கு மிச்சம்பிடித்துக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். அழுகைக்கு எப்படியும் ஒரு நாள் போகும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னையில் எச்சிங் செய்கிறவள், அதாவது உலோகத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து, மை ஏற்றித் தாளில் அச்செடுக்கிறவள். தங்கியது பாரிஸில் சித்தே இன்டர்நாசியோனால் தெஸ் ஆர் என்ற இடத்தில். எல்லாரும் சுருக்கமாக சித்தே என்பார்கள். 1965-ல் திறந்தது. சென் நதியின் வலது கரையில், மரே பகுதியில், எதிரே செயின்ட் லூயி தீவு தெரிகிற மாதிரி நிற்கிற பெரிய கான்கிரீட் கட்டடம். மோமார்த் குன்றில் இன்னொரு வளாகம் இருக்கிறது. இரண்டிலும் சேர்த்து 300-க்கு மேல் ஸ்டுடியோக்கள். ஓவியர், இசைக்கலைஞர், நடனக்காரர், எழுத்தாளர் என்று உலகம் முழுக்க இருந்து வந்து இரண்டு மாதம் முதல் ஒரு வருஷம் வரை தங்குகிறார்கள். படுக்கையும் வேலை மேஜையும் சமையல் மூலையும் ஒரே அறையில். நீங்கள் போவது வேறு ஊராக இருந்தாலும் இதில் பாதி பொருந்தும், மீதி பாரிஸுக்கே உரியது.

விசா: மாதக் கணக்கை நம்பாதீர்கள்

அழைப்புக் கடிதத்தில் "ஜூலை முதல் செப்டம்பர் வரை, மூன்று மாதம்" என்று இருக்கும். விரல் விட்டு எண்ணுங்கள்: 31, 31, 30. மொத்தம் 92 நாள். ஷெங்கன் (பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) குறுகிய கால விசா கொடுப்பது, எந்த 180 நாள் காலத்திலும் அதிகபட்சம் 90 நாள். வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. போன ஏப்ரலில் பத்து நாள் ஜெர்மனி போயிருந்தால் அந்தப் பத்தும் கழியலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றாலும் 92 தான். ஜனவரி முதல் மார்ச் மட்டும் லீப் வருஷம் இல்லையென்றால் சரியாக 90. இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து உள்ளே வந்த நாளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முறை படிப்படியாக வந்துவிட்டது. "முத்திரை சரியா விழலை சார்" என்ற பழைய சமாதானம் இனி எடுபடாது. இரண்டு நாள் கூடுதலாகிறது என்றால் ரெசிடென்சிக்கு எழுதித் தேதியைச் சுருக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீண்ட கால விசாவுக்குப் போங்கள். நீண்ட கால விசாவுக்குப் பெரும்பாலும் வேறொரு வேலை கூடவே வரும். அங்கே போய் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிப்படுத்தி, அதற்கான வரியையும் கட்ட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: அழைப்புக் கடிதம், தங்குமிடம் யார் பொறுப்பு என்று சொல்லும் கடிதம், உதவித்தொகை எவ்வளவு, யார் தருகிறார்கள் என்ற கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. இவை எல்லாவற்றிலும் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். நம் இனிஷியல் சங்கதி தெரிந்ததுதானே, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, அதைச் சுருக்கி, ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு ஆளாக நிற்போம்.

இப்போதே கேட்டுத் தெளிய வேண்டிய இன்னொன்று: உதவித்தொகை எப்போது கைக்கு வரும், எந்தக் கணக்குக்கு வரும்? முதல் தேதியே வந்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு மாதச் செலவுக்கான காசு உங்களிடம் தனியாக இருக்க வேண்டும்.

பெட்டி

தாள் கொண்டு போகாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னையில் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற ஆர்ஷ், ரீவ் தாள்களெல்லாம் அந்த நாட்டுச் சரக்குதான். நான் எட்டு ஷீட் ரீவ் தாளைக் குழாயில் சுருட்டிச் சென்னையிலிருந்து பாரிஸுக்குத் தூக்கிப் போனேன். திருநெல்வேலிக்கு அல்வா.

டர்பன்டைன், தின்னர் எதுவும் விமானத்தில் ஏறாது, எந்தப் பெட்டியிலும். எண்ணெய் வண்ணமும் மையும் பெரும்பாலும் போகும், ஆனால் பெரிய பெட்டியில் மட்டும். நான் கறுப்பு மை டப்பாவைக் கைப்பையில் வைத்துவிட்டேன். பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்து மேஜையில் வைத்த அம்மா, என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "பெயின்ட்டா?" "ஆமாம் மேடம்." அவ்வளவுதான், குப்பைத் தொட்டி. தப்பு என்னுடையதுதான், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. அதோடு, "பெயின்ட்" என்று சொன்னாலே எரிகிற பொருள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "ஓவியர் பயன்படுத்தும் வண்ணம்" என்று சொல்லி, அந்த மைக்கான பாதுகாப்புத் தகவல் தாளை அச்செடுத்து டப்பாவோடு வையுங்கள். கத்தி, ஊசி, புரின் (தகட்டைச் செதுக்கும் உளி) எல்லாம் பெரிய பெட்டியில்.

கட்டாயம் கொண்டு போக வேண்டியது உங்கள் கைக்குப் பழகிய கருவிகள். எனக்கு ஒரு ஸ்க்ரேப்பர், இரண்டு ஊசி, பர்னிஷர், மை துடைக்கத் தார்லத்தான் துணி கொஞ்சம். உங்களுக்குத் தூரிகையோ உளியோ. அதுபோக சின்ன அளவில் செய்து முடித்த வேலைகள் பத்து, கொடுப்பதற்கும் காட்டுவதற்கும். அவை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மின்சாரம் 230 வோல்ட், நம் ஊர் மாதிரிதான். போன் சார்ஜரில் இருக்கிற உருண்டை இரட்டை முள் அப்படியே சொருகிக்கொள்ளும். நம் மூன்று முள் பிளக் நுழையாது, அங்கே பிளக் ஓட்டைக்குள்ளிருந்தே ஒரு எர்த் முள் துருத்திக்கொண்டு நிற்கும். மூன்று முள்ளுக்கு ஒரு அடாப்டர், அதில் சொருகிக்கொள்ள நம் ஊர் ஸ்பைக் பஸ்டர் ஒன்று. தீர்ந்தது.

குக்கர்? கொண்டு போங்கள், ஆனால் அடுப்பு என்ன வகை என்று கேட்டுவிட்டு. என் தோழி ஒருத்தி அலுமினியக் குக்கரோடு வேறொரு ஊரில் இறங்கி, அங்கே இண்டக்‌ஷன் அடுப்பு இருந்ததால் மூன்று மாதம் அந்தக் குக்கரில் தூரிகை போட்டு வைத்திருந்தாள். அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் குக்கர் என்றால் எந்த அடுப்பிலும் பிழைக்கும். இரண்டு லிட்டர் போதும்.

இந்திய சிம்மை அணைத்துவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று கிளம்புமுன் கேட்டு, குறைந்த பிளான் ஒன்றைப் போட்டு உயிரோடு வைத்திருங்கள். யுபிஐ-யை ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கு 2024 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டார்கள், கேட்கவே பெருமையாக இருக்கிறது, தக்காளிக் கடைக்காரரிடம் அது செல்லாது.

எந்தக் கிழமை இறங்குவது

டிக்கெட் போடும்போது எல்லாரும் விலையைப் பார்ப்பார்கள். கிழமையைப் பாருங்கள். நான் சனிக்கிழமை சாயங்காலம் இறங்கினேன். மறுநாள் ஞாயிறு, அலுவலகம் இல்லை, பாதிக் கடை இல்லை, யாரிடம் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. ஒரு பாக்கெட் பிஸ்கட்டில் ஞாயிறை ஓட்டினேன். திங்கள் அல்லது செவ்வாய்க் காலை இறங்குகிற மாதிரி பாருங்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு, இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

பாரிஸில் வார பாஸ் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். வியாழன் வரை அந்த வாரத்துக்கு வாங்கலாம், வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்குத்தான் தருவார்கள். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ரயிலுக்கு 2025-ல் தனி டிக்கெட் 13 யூரோவாக இருந்தது. வார பாஸ் அப்போது 31.60 யூரோ, அந்த ரயிலும் அதில் அடக்கம். ஆகவே திங்களோ செவ்வாயோ இறங்கினால், ரயில் நிலைய கவுன்ட்டரிலேயே நவிகோ தெகூவெர்த் என்ற அட்டையை 5 யூரோ கொடுத்து வாங்கி, வார பாஸ் ஏற்றிக்கொண்டு அதிலேயே ஊருக்குள் வந்துவிடலாம். அட்டையில் ஒட்ட ஒரு சின்ன போட்டோ வேண்டும், இரண்டரைக்கு மூன்று சென்டிமீட்டர். நாலு பிரதி சென்னையிலேயே எடுத்துப் பர்சில் வையுங்கள். மாத பாஸ் 2025-ல் 88.80 யூரோ, அதுவும் ஒன்றாம் தேதி தொடங்கி மாதக் கடைசியில் முடிவது. 20-ஆம் தேதி வந்து மாத பாஸ் எடுத்தால் காசு தண்ணீரில். ஒற்றை மெட்ரோ டிக்கெட் அந்த வருஷம் 2.50 யூரோ. விலைகளை ஜனவரிதோறும் ஏற்றுகிறார்கள், கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கனமென்றால் டாக்ஸி. சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து அரசே நிர்ணயித்த கட்டணம், 2025-ல் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65, மீட்டர் ஏறாது. முனையத்துக்குள்ளேயே வந்து "டாக்ஸி, மேடம்?" என்று காதருகே கேட்பவர் பின்னால் போகாதீர்கள். வெளியே வரிசையில் நில்லுங்கள்.

சாவி கையில் வந்ததும்

பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் போனை எடுத்து அறையைப் படம் பிடியுங்கள். சுவரில் இருக்கிற ஆணி ஓட்டை, மேஜையில் பழைய மைக்கறை, சிங்க்கின் மஞ்சள், மெத்தையின் அடி, ஜன்னல் கொக்கி, அடுப்பின் ஒவ்வொரு தட்டும் சூடாகிறதா என்பது வரை. அறையின் நிலையைக் குறிக்கும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், வாடகை வீடானாலும் விருந்தினர் ஸ்டுடியோவானாலும் பிரான்சில் இந்த வழக்கம் உண்டு. அதில் எழுதாத கறை எல்லாம் கிளம்பும்போது உங்கள் கறை. வெட்கப்படாமல் எழுதுங்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஆள் பொறுமையாக இருந்தார், நான்தான் "இதெல்லாம் போய் எழுதணுமா" என்று இரண்டு ஓட்டையை விட்டுவிட்டு மூன்று மாதம் அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றே கேட்க வேண்டிய கேள்விகள்: சுவரில் ஆணி அடிக்கலாமா, பூச வேண்டுமென்றால் எந்த வெள்ளை, சால்வென்ட் கழிவை எங்கே கொடுப்பது (சிங்க்கில் ஊற்றவே கூடாது), இரவு எத்தனை மணிக்குப் பிறகு சத்தம் கூடாது, துணி துவைக்க எங்கே, விருந்தினர் தங்கலாமா, நீங்கள் வெளியூர் போனால் சொல்ல வேண்டுமா. புகை உணர்கருவி எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வரமிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

அவசரத்துக்கு 112, மருத்துவ உதவிக்கு 15. பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற கடை மருந்துக் கடை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

போன்ஜூர்

இதற்கு ஒரு தனித் தலைப்பு வேண்டும். கடைக்குள் நுழைந்ததும், பஸ்ஸில் ஏறியதும், லிஃப்டில் யாராவது இருந்தாலும், கேள்வி கேட்பதற்கு முன்னாலும் "போன்ஜூர்", நம் வணக்கம்தான். நாம் நேரே "அண்ணே, இது எவ்ளோ" என்போம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, அந்த "அண்ணே"யிலேயே எல்லாம் இருக்கிறது. அங்கே அந்த வேலையைப் போன்ஜூர் செய்கிறது. அதைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் கேள்வியை ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகம் பூட்டிக்கொள்ளும், பிறகு நாம் "பாரிஸ்காரர்கள் திமிர் பிடித்தவர்கள்" என்று ஊருக்கு வந்து சொல்வோம். சாயங்காலமானால் போன்சுவார். ரொட்டிக் கடையில் பாதி பாகெத் கேட்டால் வெட்டித் தருவார்கள், தனி ஆளுக்கு அது போதும்.

லாச்சப்பல்

முதல் வாரத்துக்குள் ஒரு நாள் லா ஷப்பேல் போய்விடுங்கள். அங்குள்ள தமிழர் வாயில் அது லாச்சப்பல். மெட்ரோ 2-ஆம் லைனில் அதே பெயரில் நிலையம், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். ஃபோபூர் சேன் தெனி தெருவில் நுழைந்தால் தமிழில் பெயர்ப்பலகைகள், நகைக்கடை, புடவைக்கடை, கொத்து ரொட்டி தட்டும் சத்தம். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் கட்டியெழுப்பிய தெரு இது. பக்கத்தில் ரூ பஜோலில் மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதலில் தேர் ஓடும், தெரு முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள். நான் செப்டம்பர் கடைசியில் போய் அதைத் தவறவிட்டேன். உங்கள் தேதி அதை ஒட்டி இருந்தால் விடாதீர்கள்.

முதல் தடவை போனபோது முருங்கைக்காயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கடைக்கார அண்ணன் கேட்டார்:

"தங்கச்சி எவ்விடம்?"

"சென்னை, அண்ணா."

"இஞ்ச படிக்க வந்தனீங்களோ?"

"இல்லண்ணா, படம் வரைய வந்திருக்கேன். மூணு மாசம்."

அவர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "படம் வரையிறதுக்கும் விசா தாறாங்களோ!"

கேலி இல்லை அதில். விசா என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் இருந்த கனம் எனக்கு அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போனேன், பருப்பு தீர்ந்தாலும் தீராவிட்டாலும். புளி, பருப்பு, அரிசி, கறிவேப்பிலை, நல்லெண்ணெய் எல்லாமே கிடைக்கும், ஆகவே ஊரிலிருந்து மளிகை சுமக்க வேண்டாம். மிளகாய்த்தூள் மட்டும் பார்த்து வாங்குங்கள், யாழ்ப்பாணத் தூள் வறுத்து அரைத்தது, நம் சாம்பார் தூள் இல்லை. எனக்கு இப்போது அதுதான் பிடிக்கிறது.

காய்கறிக்குச் சந்தைகள் மலிவு. பஸ்தீல் பக்கத்துச் சந்தை வியாழனும் ஞாயிறும். ஞாயிறு மதியம் கடை கட்டுகிற நேரத்தில் போனால் கூடையோடு தள்ளிவிடுவார்கள்.

ஸ்டுடியோவை உங்களுடையதாக்குவது

மேஜையை முதல் நாளே ஜன்னலுக்கு நேராகப் போடாதீர்கள். இரண்டு நாள் வெளிச்சம் எந்தப் பக்கம் எப்போது வருகிறது என்று பாருங்கள். நமக்கு வெளிச்சம் என்பது காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே ஜூனில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் காலை எட்டரைக்கு மேல்தான் எழும், ஐந்து மணிக்கு முன்னாலேயே போய்விடும், நடுவிலும் சாம்பல். நான் நவம்பரில் மதியம் மூன்று மணிக்கு வண்ணம் கலந்து, விளக்கில் முடித்து, மறுநாள் காலை பார்த்தால் அது வேறு நிறம். வண்ணம் சார்ந்த வேலையைப் பதினொன்று முதல் மூன்று வரை வைத்துக்கொண்டு, மற்றதை இரவுக்குத் தள்ளியபின்தான் சரியாச்சு. ஈரக் காற்றில் தாள் காயவும் நேரமாகும், எண்ணெய் மை சென்னையில் காய்வதைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாக எடுத்தது.

சாமான்களுக்குக் காசு கொட்ட வேண்டாம். பாரிஸில் பழைய மேஜை, அலமாரி, சட்டங்களை நகராட்சியிடம் பதிவு செய்து நடைபாதையில் வைத்துவிடுவார்கள், வண்டி வருவதற்குள் நீங்கள் பார்த்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். மெத்தையும் சோபாவும் எடுக்காதீர்கள், மூட்டைப்பூச்சி. மரப்பலகை, கண்ணாடி, சட்டம் எடுக்கலாம். மை தேய்க்கிற கண்ணாடியே எனக்கு அப்படிக் கிடைத்த ஒரு ஜன்னல் கண்ணாடிதான். பாரிஸை ஒட்டிய பன்தானில் லா ரெசெர்வ் தெஸ் ஆர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கண்காட்சிகளிலும் கடைகளிலும் மிஞ்சிய மரம், துணி, தோல், பலகைகளைக் கலைத்துறையில் இருப்பவர்களுக்குக் குறைந்த விலையில் விற்கிறார்கள், உறுப்பினராகச் சேர வேண்டும்.

நல்ல பொருள் வேண்டுமென்றால் கே வோல்த்தேரில் செனலியே கடை, லூவர் அருங்காட்சியகத்துக்கு எதிர்க்கரையில், 1887 முதல். பிக்காசோவுக்காக 1949-ல் எண்ணெய் பாஸ்டல் செய்து கொடுத்தவர்கள். சித்தேயிலிருந்து நதியோரமாக அரை மணி நடை. மரத்தாலான பழைய இழுப்பறைகளைப் பார்ப்பதற்கே போகலாம், ஆனால் பட்டியலோடு போங்கள், பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அன்றாடச் சரக்குக்கு ரூஜியே எ ப்ளே மாதிரிப் பெரிய கடை போதும்.

அப்புறம் பொதுப் பட்டறைகள். பிரஸ், சில்க்ஸ்கிரீன், சூளை என்று எது இருந்தாலும் உங்களைப் போல இன்னும் முப்பது பேருக்கு அது வேண்டும். முதல் வாரமே பட்டறைப் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள், மெயில் போதாது. நேரில் போய், அவர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு குணம் உண்டு, அதன் அழுத்தம் அவருக்குத்தான் தெரியும். முடிந்தபின் நீங்கள் வந்ததைவிடச் சுத்தமாக விட்டுவிட்டு வந்தால் அடுத்த முறை உங்களுக்கு நேரம் எப்படியோ கிடைக்கும். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் என்ன வேலை செய்வது

விண்ணப்பத்தில் எழுதின திட்டத்தை உடனே ஆரம்பிக்காதீர்கள். அதை எழுதியது சென்னையில் உட்கார்ந்திருந்த, பாரிஸ் தெரியாத ஒரு ஆள். ஆனால் கையைச் சும்மாவும் விடாதீர்கள், விட்டால் ஊர் சுற்றலிலேயே மாதம் போய்விடும். நான் செய்தது, உள்ளங்கை அளவுத் தகடு, ஒரு நாளைக்கு ஒன்று, உலர் ஊசி மட்டும், அமிலம் கிடையாது. பார்த்த எதையாவது கீறுவேன். மெட்ரோ கைப்பிடி, கொக்கியில் மாட்டின கோட்டு, ரொட்டிக் கடை வரிசை. பன்னிரண்டு தகடு சேர்ந்தது. திட்டத்தில் இருந்த பெரிய வேலையை விட அவற்றைத்தான் பின்னால் எல்லாரும் கேட்டார்கள்.

காலையில் பார்க்கப் போவது, மதியம் வேலை, அல்லது நேர்மாறு, ஏதோ ஒன்றை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்குக் காசு அதிகம் ஆகுமே என்ற பயம் வேண்டாம். கார்னவலே, பெத்தி பலே, பாரிஸ் நகர நவீனக் கலை அருங்காட்சியகம் மூன்றிலும் நிரந்தரச் சேகரிப்பு எப்போதும் இலவசம். ஓர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், முன்பதிவு செய்ய வேண்டும். லூவர் செவ்வாய் விடுமுறை, ஓர்சே திங்கள் விடுமுறை. நவீனக் கலைக்கான போம்பிதூ மையம் 2025-ல் சீரமைப்புக்காக மூடிவிட்டது, 2030 வரை திறக்காது, அதை நம்பித் திட்டம் எழுதாதீர்கள். தேசிய நூலகத்தின் ரிஷெலியூ கட்டடத்தில் ஓவல் வாசகசாலை 2022-லிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக உட்காரலாம். குளிர்காலத்தில் கதகதப்பான இடம், கூரையைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும். ஊர் ஞாபகம் வந்தால் கிமே அருங்காட்சியகத்தில் சோழர் கால நடராஜர் இருக்கிறார். நான் போன அன்று அவர் முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தது, ஒரு பையன் கையை ஆறாகப் போட்டிருந்தான்.

எச்சிங்காரர்களுக்கு ஒரு விஷயம். ஆங்கிலேய அச்சுக்கலைஞர் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927-ல் பாரிஸில் தொடங்கிய பட்டறைதான் ஆத்தலியே 17. நம் நாட்டு அச்சுக்கலைஞர் கிருஷ்ணா ரெட்டி பல வருஷம் அங்கே வேலை செய்து, ஒரே தகட்டில் வெவ்வேறு பிசுபிசுப்புள்ள மைகளை ஏற்றிப் பல நிறம் எடுக்கும் முறையை வளர்த்தவர்களில் ஒருவர். 1988-ல் ஹேட்டர் இறந்த பிறகு அது ஆத்தலியே கோந்த்ரபுவான் என்ற பெயரில் தொடர்ந்தது. சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்து, சென்னையை ஒட்டிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் இருந்துவிட்டு, 1968-ல் பாரிஸுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர் ஓவியர் விஸ்வநாதன். இந்தப் பாதையில் நமக்கு முன்னால் காலடிகள் உண்டு என்பதே மூன்றாவது வாரத்தில் ஒரு தெம்பு.

மூன்றாவது வாரமும் புதன்கிழமையும்

மூன்றாவது வாரம் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வந்த உற்சாகம் வடிந்திருக்கும், வேலை பிடிபட்டிருக்காது, ஊரில் யாருக்காவது காய்ச்சல் என்று செய்தி வரும். கோடையில் மூன்றரை மணி நேரம், அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் இரவு உணவு முடித்துப் பேச உட்காரும்போது அம்மா தூங்கியிருப்பார். காலை உங்கள் எட்டு மணிக்குப் பேசுங்கள், அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், யாராவது போனை எடுப்பார்கள்.

சித்தேயில் புதன்கிழமை சாயங்காலம் திறந்த ஸ்டுடியோ. விருப்பப்பட்டவர்கள் கதவைத் திறந்து வைப்பார்கள், யாரும் போய்ப் பார்க்கலாம். முதல் மூன்று புதன்கள் மற்றவர்கள் அறைக்குப் போங்கள். ஒவ்வொரு அறையிலும் ஐந்து நிமிஷம், ஒரே ஒரு கேள்வி, "இதை எப்படிச் செய்தீர்கள்?" அது போதும், செய்முறை கேட்டால் பேசாத கலைஞரே கிடையாது. ஐந்தாவது ஆறாவது வாரத்தில் உங்கள் கதவைத் திறங்கள். வேலை முடிந்திருக்க வேண்டும் என்று காத்திருந்தால் கிளம்பும் நாள் வந்துவிடும்.

திறக்கும் அன்று, ஊரிலிருந்து கொண்டு வந்த அந்தப் பத்துச் சின்ன வேலைகளை எடுங்கள். விசிட்டிங் கார்டு குப்பைக்குப் போகும், கையால் அச்செடுத்த உள்ளங்கை அளவு பிரின்ட் யார் வீட்டிலும் சுவரில் ஏறும். உங்கள் வேலையைப் பற்றி மூன்று வாக்கியம் பிரெஞ்சில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், உச்சரிப்பு கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை. அன்று நான் ஒரு பானை ரசம் வைத்திருந்தேன், காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். எதிர் அறைச் செல்லோக்காரர் இரண்டாவது கோப்பை கேட்டார், அப்புறம் என் தகடுகளைப் பார்த்தார், அந்த வரிசையில்தான். பின்னால் என்னை ஒரு சிறிய அச்சுப் பட்டறைக்குக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தியதும் அவரே.

கடைசி இருபது நாள்

கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி மூன்று நாள் அறை சுத்தம், ஆணி ஓட்டை அடைப்பு, சாவி. அதற்கு முன் நாலு நாள் கட்டுவதற்கு. அதற்கு முன் ஒரு வாரம் மை காய்வதற்கு. ஆகக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே கடைசிப் பிரின்ட் பிரஸ்ஸை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். நான் ஐந்து நாள் இருக்கும்போது கூட அடித்துக்கொண்டிருந்தேன். சுருட்டின தாளில் மை ஒட்டி, சென்னையில் பிரித்தபோது இரண்டு போச்சு.

தாள் வேலைகளை இடையில் மெல்லிய தாள் வைத்துச் சுருட்டி, பெரிய விட்டமுள்ள அட்டைக் குழாயில் போடுங்கள். செப்புத் தகடுகள் எடை கூடும், அவற்றைத் துணிகளுக்கு நடுவில். உயிரோடிருக்கும் கலைஞரின் சொந்த வேலையைப் பிரான்சிலிருந்து வெளியே எடுத்துவர ஏற்றுமதிச் சான்றிதழ் தேவையில்லை, என்றாலும் ரெசிடென்சியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: இன்னார் இங்கே இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தங்கிச் செய்த சொந்தப் படைப்புகள், விற்பனைக்கு அல்ல என்று. கூடவே ஒவ்வொன்றின் அளவு, ஊடகம், ஒரு சின்னப் படம் கொண்ட பட்டியல். இரண்டு பிரதி. சுங்கத்தில் யாராவது குழாயைக் காட்டி "என்னம்மா இது" என்றால் அந்தத் தாளை நீட்டிவிடலாம்.

குழாயில் இடம் இருந்தால் ரீவ் தாள் வாங்கிச் சொருகுங்கள். இந்த முறை சரியான திசை.

மீந்த மை, அரிசி, விளக்கு, குளிர்காலப் போர்வை எல்லாம் அடுத்து வருபவருக்கு விட்டுவிடுவது வழக்கம், அதை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் குக்கரை விட்டுவிட்டு வந்தேன். மூடியில் ஒரு தாள் ஒட்டி, பருப்புக்கு மூன்று விசில், பயப்பட வேண்டாம், சத்தம் போடுவது அதன் இயல்பு என்று ஆங்கிலத்திலும் தப்புத் தப்பான பிரெஞ்சிலும் எழுதி வைத்தேன். பிப்ரவரியில் செல்லோக்காரரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. யாரோ முகம் தெரியாத ஒரு பெண் கதவோரம் ஒளிந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்: "ஆன், தே, த்ருவா."